கூட்டினால் ஒன்று குறைகிறது

வெள்ளிவிழா மலர் தவறிப்போய் வைரவிழா மலராம்.
கிளப் வரலாறு இரண்டு பக்கம், வெள்ளிக்கிழமைக்குள்.
பீரோவிலிருந்து பதினாறு ஸ்கோர் நோட்டுகளை இறக்கினேன்.
ஐந்தைக் கரையான் ஏற்கெனவே படித்து முடித்திருந்தது.

ஆகவே
அறுபத்து மூன்றாம் வருஷம் வரை
நாம் ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை.
மறுக்க ஆதாரம் கிடையாது.

ஆரம்பித்தபோது பள்ளிப்பட்டு சித்தூர் ஜில்லா.
மூன்றாம் வருஷம் தூங்கி எழுந்தால் செங்கல்பட்டு.
ஊர் நகரவில்லை, பிட்ச் நகரவில்லை.
லெட்டர்பேடில் மட்டும்
சித்தூர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.
இழுத்தவர் முதல் செகரட்டரி வெங்கடாத்ரி நாயுடு.
கோடு நேராக இல்லை.

வடக்கே சைட்ஸ்கிரீனுக்குப் பின்னால் சர்வே கல்.
கல்லுக்கு அந்தப்பக்கம் ஆந்திரா,
ஆந்திராவில் பாப்பிரெட்டியின் கரும்பு.
கரும்பில் விழுந்தால் சிக்ஸ் இல்லை, நாலுதான்.
ஒரு பந்துக்கு நாலணா வாங்குவார் ரெட்டி.
எடுக்கப் போகிறவனுக்குக் கெஞ்சத் தெரிய வேண்டும்.
தெலுங்கு எங்கள் எல்லோருக்கும் தெரியும்,
கெஞ்சல் சிலருக்குத்தான்.

அறுபத்தொன்பது: பத்தொன்பது ரன்னுக்கு ஆல் அவுட்.
அதில் எக்ஸ்ட்ரா பதினொன்று.
அன்றைக்கு நம் சிறந்த ஆட்டக்காரர்
எதிரணி விக்கெட் கீப்பர்.

எழுபத்து நாலில் தறிக்கு ஒரு ரூபாய் வசூலித்து
கயிற்றுப் பாய் வாங்கினோம்.
வைக்க இடமில்லை, ரேஷன் கடையில் சுருட்டி வைத்தோம்.
ஸ்வீப் ஆடி முட்டி தேய்த்தவனெல்லாம்
மண்ணெண்ணெய் வாசத்தோடு வீட்டுக்குப் போனான்.

ஷேக் மஸ்தான், லாரி கிளீனர்.
ஆந்திராவில் ஓடத் தொடங்கி
தமிழ்நாட்டில் பந்து போடுகிறவன் என்று பேர்.
மிகைதான்.
ஆனாலும் அவன் திரும்பி நடக்கிற நேரத்தில்
பேட்ஸ்மேன் சாமி கும்பிட்டுவிடலாம்.

இனி எண்பத்தாறு.
நான்காம் டிவிஷன், கடைசி ஆட்டம்.
அம்பத்தூர் ஃபவுண்டரி நூற்று நாற்பத்தொன்று.
நாம் நூற்று நாற்பத்திரண்டு.
பக்கத்தின் மூலையில் மஞ்சள், குங்குமம்,
யாரோ தொட்டுக் கும்பிட்ட எண்ணெய் விரல்.

பேட்டில் வந்தது நூற்றுப் பதினெட்டு.
எக்ஸ்ட்ரா இருபத்து மூன்று.
கூட்டினேன்.
மறுபடி, கீழிருந்து மேலே.
பேரனின் கால்குலேட்டரிலும்.
நூற்று நாற்பத்தொன்று.

அன்று ஸ்கோர் எழுதியவர் நாதமுனி,
சார்பதிவாளர் ஆபீஸ் கிளார்க்,
இப்போது திருப்பதியில் மகள் வீட்டில்.
போன் போட்டேன்.
"மழை உண்டா அங்கே?" என்றார்.
விஷயத்தைச் சொன்னேன்.
"அதுவா. லெக் பை.
குறி போட விட்டுப்போயிருக்கும்."
"அம்பயர் காட்டினாரா?"
"முட்டியைத் தொட்டார்."
கொஞ்சம் இருமினார்.
"சொறிந்தாரோ என்னவோ.
கரும்புத் தோட்டம், சாயங்காலம், கொசு."

சமன் என்றால் மேலே போயிருக்க வேண்டியது அவர்கள்.

அந்த ஒரு ரன்னில்தான்
மூன்றாம் டிவிஷன்.
சர்க்கரை ஆலை டீமில் இரண்டு பேருக்கு வேலை,
அதில் ஒருவனுக்குக் கல்யாணம்.
பெண் நகரியில். பாப்பிரெட்டியின் தம்பி மகள்.
பந்துக்கு நாலணா அதோடு நின்றது.
அந்த ஒரு ரன்னில்தான்
ஃபவுண்டரிக்காரர்கள் மறு வருஷம் டீமைக் கலைத்தார்கள்.
அவர்களுக்கு யார் மலர் போடுவார்கள், தெரியவில்லை.

பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.
லெக் பை கட்டத்தில்
ஒரு கோடு போட இடம் இருக்கிறது.
நாதமுனி இடம் விட்டுத்தான் எழுதுவார்.

போடவில்லை.
மலருக்கு "ஒரு ரன் வித்தியாசத்தில்" என்று எழுதிக் கொடுத்தேன்.
நோட்டை அதே பீரோவில் வைத்தேன்,
கீழ்த்தட்டில், சுவரோரமாக.

கரையான் பொடி வாங்க மறந்துவிட்டது என்று
கமிட்டியில் சொல்ல வேண்டும்.